ஹெட் பேக்கிங் மாற்றுதல்

செம்புத் தகடு இரண்டு, நடுவே கல்நார். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். பட்டறைகளில் இதற்கு ஹெட் பேக்கிங் என்று பெயர். இன்ஜினின் உடம்பான பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையில் இது படுத்துக் கிடக்கிறது. சிலிண்டரையும் அதன் பக்கத்து வால்வுகள் இரண்டையும் சேர்த்து வளைத்த ஆறு பெரிய துளைகள். தண்ணீர் போய்வரச் சிறிய துளைகள். போல்ட்டுகளுக்கு இருபத்தியொரு துளைகள். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர். இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே இதன் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவரை இப்படி ஒன்று இருப்பதே வண்டிக்காரனுக்குத் தெரியாது.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒரு நிமிஷம்கூட அது பேக்கிங்காக இருக்க முடியவில்லை. விமர்சகன்தான் அந்தப் பேக்கிங் என்றார் ஒருவர். படைப்புக்கும் வாசகனுக்கும் நடுவே நசுங்குகிறவன். இல்லை, மத்தியதர வர்க்கம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு கவிதைக்கு முதல் வரியே சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் எல்லோரும் பதினைந்து வருஷமாகக் கவிதை படித்துவருகிறவர்கள். ஒரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில் அதை வேறொன்றாக மாற்றிவிடுகிற பழக்கம் கைவந்திருக்கிறது. அந்தப் பொருள் என்ன செய்கிறது, எப்படிக் கெடுகிறது, யார் அதைக் கழற்றுகிறார்கள், கழற்றுகிறவனுக்கு என்ன ஆகிறது என்று கேட்கிற பழக்கம் வரவில்லை. நம் புதுக்கவிதையில் இயந்திரம் பெரும்பாலும் அந்நியமாதலின் சின்னமாகவே வந்திருக்கிறது. சின்னத்துக்கு ரிப்பேர் தேவைப்படுவதில்லை. இந்தக் கட்டுரையில் பேக்கிங் பேக்கிங்தான்.

வண்டி 1951ஆம் வருஷத்துப் பிளிமத் கிரான்புரூக். கிரைஸ்லர் கம்பெனியின் தயாரிப்பு. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய்க் குர்லாவில் இந்தக் குடும்பத்து வண்டிகளைப் பூட்டி விற்றது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் சிலவற்றின் பின்கட்டில், சாரட்டுக்கும் உடைந்த ஊஞ்சல் பலகைக்கும் பக்கத்தில், இப்படிப்பட்ட வண்டிகள் இன்றும் நிற்கின்றன. இந்த வண்டியின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு கல்யாணம்; மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தா வண்டி வேண்டும். இரண்டு தெரு சுற்றி வந்ததும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. காரைக்குடிப் பக்கத்தில் இந்த வண்டியின் இன்ஜினைக் கழற்றத் தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் என் அப்பா. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் 3.25 அங்குல விட்டம், 4.375 அங்குல ஓட்டம். மொத்தம் 217.8 கன அங்குலம். நம் கணக்கில் ஏறக்குறைய 3,570 சி.சி. வெடிக்கிற வரிசை 1, 5, 3, 6, 2, 4. ஆறு பிஸ்டன்கள் ஒரே வரிசையில் இப்படி மாறி மாறி ஏறி இறங்கும்போது, ஒன்றின் உதறலை இன்னொன்று தின்றுவிடுகிறது. நாலு சிலிண்டர் இன்ஜினில் எஞ்சி நிற்கிற நடுக்கம் இதில் இல்லை. ஓடுகிற இன்ஜினின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டுவது அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் வித்தை. ஆனால் ஆறும் ஒரே வரிசையில் நிற்பதால் ஹெட் நீளமாகிறது. நீளமான இரும்பு, முன்னால் ஒரு சூடும் பின்னால் ஒரு சூடுமாக இருந்தால் வளைகிறது. அமைதிக்கும் கோணலுக்கும் காரணம் ஒன்றே: நீளம்.

வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகையால் ஹெட் என்பது வெறும் மூடி. எண்ணெய் அதற்குள் போகிற வழியே கிடையாது. பிற்கால இன்ஜின்களில் பேக்கிங் நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் பிரிக்க வேண்டும். இதில் இரண்டுதான். பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வேலை இல்லை. போல்ட்டைக் கழற்று, மூடியைத் தூக்கு, பழசை எடு, புதுசை வை, மூடு. வண்டிக்காரரின் மேனேஜர் போனில் சொன்னதும் இதுதான். "பேக்கிங் மட்டும் மாத்திக் குடுத்திருங்கண்ணே, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பா இன்ஜினை ஓட விடச் சொன்னார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரில் எழுகிற குமிழிகளைப் பார்த்தார். பிறகு மரப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டு ஹெட்டோடு சேர்த்து மின்சாரத்தைத் தின்ன வைத்தார். ஓடுகிற சிலிண்டரை அறுத்தால் இன்ஜினின் சத்தம் ஒரு படி இறங்கும். முதல் நாலுக்கும் இறங்கியது. ஐந்துக்கும் ஆறுக்கும் இறங்கவில்லை. இன்ஜினை நிறுத்தி, அந்த இரண்டு பிளக்குகளையும் கழற்றி, துளைமேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். விரலைத் தள்ள வேண்டிய காற்று தள்ளவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல வெந்துபோச்சு. தண்ணித் தொளைக்கும் வழி விட்டிருக்கு."

"அப்ப பேக்கிங்தானே?"

"பேக்கிங்தான். ஆனா ஏன் அஞ்சும் ஆறும்? ஏன் ஒண்ணும் ரெண்டும் இல்ல?"

இந்தக் கேள்விக்காகவே நான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இந்த இன்ஜினில் தண்ணீர்ப் பம்ப் முன்னால் இருக்கிறது. அதன் பின்னால், பிளாக்கின் உள்ளே, முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு தட்டைக் குழாய் செருகப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயில் வரிசையாகக் கண்கள். பம்ப் தள்ளுகிற குளிர்ந்த தண்ணீரை, எரிந்த புகை வெளியேறுகிற வால்வுகளின் பீடத்துக்கு நேராக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து ஊற்றுவது இந்தக் குழாய்தான். அது துருப்பிடித்து அரித்துப்போனால் தண்ணீர் முன்பக்கத்துச் சிலிண்டர்களோடு திரும்பிவிடும். கடைசி வரிசை வறளும். ஹெட்டின் பின்பகுதி மட்டும் அதிகம் சூடேறும், வளையும். வளைந்த இடத்தில் பேக்கிங்கின்மேல் பிடி தளரும். தளர்ந்த இடத்தில் நெருப்பு நுழையும். வெந்துபோன பேக்கிங் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதை மட்டும் மாற்றினால் கல்யாணத்துக்கு ஓடும். கல்யாணத்துக்குப் பிறகு திரும்பவும் வேகும்.

இன்ஜினைத் திறக்காமலே, எந்த இடத்தில் கெட்டது என்பதை வைத்து அப்பா இவ்வளவையும் சொன்னார். ஒரு பிரதியில் எந்த இடத்தில் வாக்கியம் தடுமாறுகிறது என்று பார்த்து ஆசிரியனின் சிக்கலைக் கண்டுபிடிப்பதாக நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். நம் கணிப்பு சரியா தவறா என்று யாரும் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அப்பாவின் கணிப்பு மறுநாள் காலை பத்து மணிக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இந்த வித்தியாசம் சின்னதல்ல.

மேனேஜரிடம் அப்பா சொன்னது: "பேக்கிங் மட்டும்னா வேற ஆளப் பாத்துக்குங்க." வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ரேடியேட்டரும் பம்பும் கழற்றச் சம்மதம் கிடைத்தது. கூலி மட்டும் பேக்கிங்குக்கான கூலிதான்.

போல்ட்டுகளின்மேல் முதல் நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தோம். சில போல்ட்டுகள் நேராகத் தண்ணீர் அறைக்குள் இறங்குபவை. அவை துருவேறி இறுகியிருக்கும். அவசரப்பட்டால் தலை முறிந்து உடம்பு உள்ளே தங்கிவிடும். தளர்த்துவது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. ஒவ்வொன்றிலும் கால் சுற்று, அரைச் சுற்று. ஒரே போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் அந்த இடத்தில் எம்பும். எல்லாம் கழன்ற பிறகும் ஹெட் வரவில்லை. நான் உளியைத் தேடினேன். அப்பா தலையாட்டி மறுத்தார். பிளக்குகளைத் திரும்ப மாட்டி, செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்ல நிலையில் இருந்த நாலு சிலிண்டர்களும் அமுக்கிய காற்றே மூடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. உளி வைத்திருந்தால் இரும்பின் முகத்தில் ஒரு வடு விழுந்திருக்கும். அந்த வடு வழியாகப் பிற்காலத்தில் நெருப்பு போகும்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே செம்பு கருகி, ஒரு சுண்டு விரல் அகலத்துக்குக் காணாமற் போயிருந்தது.

இதற்கு அடுத்த வேலை சுரண்டுவது. பழைய பேக்கிங்கின் மிச்சங்கள் இரண்டு முகத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை போனாலொழியப் புதுசு படியாது. அப்பா ஐம்பது வருஷமாக இதை எப்படிச் செய்துவந்தார் என்பது எனக்குத் தெரியும். சிறு வயதில் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே வர அனுமதி கிடையாது. தகட்டால் வறட்டு வறட்டென்று சுரண்டுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பிறகு குனிந்து வாயால் ஊதுவார். சாம்பல் நிறத்தில் ஒரு தூசி எழும்பி வெயிலில் மினுங்கும்.

அந்தத் தூசி கல்நார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் திரும்புவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் நோய் தலைகாட்டுகிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து நாற்பது வருஷமோ, வேலையை விட்டதிலிருந்து பதினைந்து வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை, பாதுகாக்க வேண்டும் என்றும் கூறியது. நல்ல தீர்ப்பு. அது ஆலையை உத்தேசித்தது. வேப்ப மரத்தடியில் இரண்டு தகரம் அடித்து நடத்துகிற பட்டறைக்குப் பதிவேடு ஏது? அப்பா எந்தக் கணக்கிலும் வராத கல்நார்த் தொழிலாளி. அவருக்கு இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் பீடி குடிப்பீர்களா என்று கேட்டார்கள். அவர் குடித்ததில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கல்நார்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

நான் முகமூடி போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதை நனைத்த துணியில் வழித்து, பையில் கட்டினேன். அப்பாவைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவு நாள் ஊதியாச்சு. இனிமே என்ன." இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆங்கில இலக்கியம் படித்தவன் இந்த இடத்தில் ராபர்ட் பிர்சிக்கைத் தவிர்க்க முடியாது. 1974இல் வெளிவந்த அவருடைய மோட்டார் சைக்கிள் நூலில் ஒரு சம்பவம். நண்பனின் விலையுயர்ந்த ஜெர்மன் வண்டியின் கைப்பிடி தளர்ந்து நழுவுகிறது. பீர் டப்பாவின் தகரத்தை வெட்டி ஒரு சந்துத் தகடு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பனுக்கு அது அவமானமாகப் படுகிறது. தகரத்தின் குணத்தை ஒருவன் பார்க்கிறான், பீர் டப்பா என்ற பெயரை இன்னொருவன் பார்க்கிறான். அருமையான இடம். ஆனால் அந்த நூலை இந்த முறை திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. பிர்சிக்கின் கதைசொல்லி ரிப்பேர் செய்வது தன் வண்டியை. அவசரமில்லை, கூலி பேசுகிறவன் இல்லை, மறுநாள் காலை அதே வேலையை வேறொருவனின் வண்டியில் செய்ய வேண்டியதில்லை. 2009இல் வெளியான மாத்யூ கிராஃபோர்டின் நூல் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. அவர் அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வெர்ஜீனியாவில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தவர். கூலிக்கு வேலை பார்த்தவர். கைவேலையில் உள்ள அறிவை அவர் நிறுவுகிற விதத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. இருந்தும், அவர் தேர்ந்துகொண்டு அந்த இடத்துக்கு வந்தவர். என் அப்பா பன்னிரண்டு வயதில் கொண்டுவிடப்பட்டவர். அவருக்குக் கைவேலையின் மகத்துவம் பற்றி எந்த அபிப்ராயமும் கிடையாது. மகன் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது ஒன்றுதான் அபிப்ராயம். நான் பி.ஏ. படித்ததும், பாங்கில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் அந்த அபிப்ராயத்தின் விளைவு. கைவேலையின் கண்ணியத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிற வசதி, என்னை அதிலிருந்து காப்பாற்றியவர் கொடுத்தது. இந்த முரணை மறைத்துவிட்டு யாரும் உழைப்பைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்.

சுத்தம் செய்த முகத்தில் நீள இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை நுழைத்துப் பார்ப்பது அடுத்தது. நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும். ஹெட்டின் முன்பாதியில் 0.004 அங்குலத் தகடு எங்கேயும் நுழையவில்லை. பின்பாதியில் 0.008 தாராளமாகப் போயிற்று. அப்பா சொன்ன கோணல். ஹெட்டைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப்போய் முகம் சீவ வேண்டும். அது பணம் கொடுத்தால் நடக்கிற காரியம். பிளாக்கில் வெடிப்பு இருந்தால்தான் பணம் உதவாது. வால்வு பீடத்திலிருந்து சிலிண்டர்வரை ஓடுகிற வெடிப்பு இந்த வகை இன்ஜினின் தெரிந்த வியாதி. இருந்தால் வண்டி பழைய இரும்பு.

அப்பா மண்ணெண்ணெயைத் தூரிகையால் பூசச் சொன்னார். கொஞ்ச நேரம் விட்டு, உலரத் துடைத்து, சாக்குக்கட்டித் தூளைத் தூவச் சொன்னார். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஐந்து நிமிஷம் இருவரும் பேசாமல் குந்தியிருந்தோம். ஆறாவது சிலிண்டரின் புகை வால்வு பீடத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டது. தலைமயிர் கனம். சிலிண்டரை நோக்கிப் போய், பாதியில் நின்றுவிட்டது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது இன்னைக்கு வந்ததில்ல" என்றார். மறுபடி துடைத்து மறுபடி தூவினோம். கோடு அதே இடத்தில் நின்றது. மேனேஜருக்குப் போன் போட்டு இருக்கிறதைச் சொல்லச் சொன்னார். "ஓடும். எவ்வளவு நாளுன்னு யாருஞ் சொல்ல முடியாது. பின்பக்கம் தண்ணி ஒழுங்காப் போனா இது நகராது. இதயும் சேத்துச் சொல்லிரு." பிரச்சினையைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேக்கிங் வைத்து மூடிய பிறகு அந்தக் கோட்டை எவனும் பார்க்கப் போவதில்லை.

குழாயை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றி, இரும்புக் கம்பியின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கி, உள்ளே விட்டு இழுத்தோம். முழுசாக வரவில்லை. துண்டு துண்டாக, துருவும் சேறுமாக வந்தது. அப்பா அவற்றைத் தினசரித் தாளில் வரிசையாக அடுக்கினார். எது முன், எது பின், எந்தக் கண் எந்தச் சிலிண்டருக்கு என்று தேடித் தேடிப் பொருத்தினார். சில இடங்களில் தகரம் முழுக்கப் போயிருந்தது. அங்கே கண்ணின் இடத்தைப் பக்கத்துக் கண்களின் தூரத்திலிருந்து கணக்கிட்டார். சுவடியில் செல்லரித்த இடத்தை நிரப்புகிற பதிப்பாசிரியர் ஞாபகத்துக்கு வந்தார்; உருவகம் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டதால் நிறுத்திக்கொள்கிறேன். பித்தளைப் பாத்திரக்காரர் ஒருவர் அந்த அளவுகளை வைத்துப் பித்தளைத் தகட்டில் புதுக் குழாய் அடித்துக் கொடுத்தார். பித்தளை துருப்பிடிக்காது.

பேக்கிங் விஷயத்தில் இருவருக்கும் தகராறு. சென்னைப் புதுப்பேட்டையில் அப்பாவின் பழக்கக்காரர் ஒருவர் பழைய ஸ்டாக்கில் ஒன்று வைத்திருந்தார். பழுப்புத் தாளில் சுற்றியது, செம்பும் கல்நாரும். நான் கல்நார் இல்லாத இன்னொன்றை அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைத்திருந்தேன். கல்நார் அளவுக்குச் சூடு தாங்கி அமுங்கிக் கொடுக்கிற பொருள் வேறில்லை என்பது அவர் கட்சி. பொருளைப் பற்றி அவர் சொன்னது சரி. கல்நாரின் குணம் அத்தனையும் உண்மையான குணம். அதனால்தான் உலகம் அதை அத்தனை காலம் விடவில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் முப்பது வருஷம் கழிச்சு இத ஒரு பையன் சொரண்டுவான்ப்பா." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. புதுசை வாங்கி, விளிம்புகளை நகத்தால் தடவி, பிளாக்கின்மேல் வைத்து ஒவ்வொரு துளையாக ஒத்துப் பார்த்தார். "சரி, வையி" என்றார்.

அலுமினியம் பெயிண்ட் மெலிதாக ஒரு பூச்சு. தண்ணீர் அறைக்குள் இறங்குகிற போல்ட்டுகளின் மறையில் ஷெல்லாக். பிறகு இறுக்குவது. இது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவன் நடுவிலிருந்து வெளியே தடவுவது எதற்காகவோ அதற்காகத்தான். ஓரத்தை முதலில் பிடித்தால் நடுவில் உப்பல் நிற்கும். மூன்று சுற்று: முதலில் 30 அடி-பவுண்டு, பிறகு 50, கடைசியில் 70. நான் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்திருந்தேன். குறித்த அளவு வந்ததும் சொடுக்கென்று சத்தம் போடுகிற கருவி. அப்பா தொழில் முழுக்க அதைத் தொட்டதில்லை. அளவு அவருடைய தோளில் இருந்தது. இப்போது தோள் இருக்கிறது, கை கேட்பதில்லை.

அவர் ஹெட்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் இழுத்தேன். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் "போதும்" என்றார். பல முறை அவர் சொன்னதற்கும் சொடுக்குக்கும் இடைவெளி இல்லை. சில முறை அவர் முந்திக்கொண்டார். ஒரு தடவை சொடுக்கு வந்த பிறகும் "இன்னுங் கொஞ்சம்" என்றார். அந்தப் போல்ட்டின் மறையில் அழுக்கு இருந்தது, உராய்வுதான் அளவைக் காட்டியிருக்கிறது. கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டபோது கால் சுற்றுக்குமேல் இறங்கியது. எழுபது என்கிற எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது இழுக்கிற கையின் பலத்தை அளக்கிறது. போல்ட் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அதிலிருந்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த ஆறு நாளில் என் காதில் விழுந்த தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா பேசியதில் பாதிக்குமேல் ஆங்கிலப் பெயர்கள்; ஆனால் வினைகள் அத்தனையும் தமிழ். ஹெட் எம்பும், போல்ட் கடிக்கும், பேக்கிங் படியும், மறை வழுக்கும், இரும்பு மூச்சு விடும். ஒவ்வொரு வினையும் ஒரு நிலைமையை வேறு எதோடும் குழப்பாமல் சொல்கிறது. கலைச்சொல் பற்றி நடந்த விவாதங்கள் எல்லாம் பெயர்ச்சொற்களோடு நின்றுவிட்டன என்று எனக்குப் படுகிறது. பெயருக்கு ஒரு மாற்றுப் பெயர் உண்டாக்குவது மேஜையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. 'கடிக்கிறது' என்ற சொல்லை அந்த இடத்தில் வைக்க ஒருவன் ஆயிரம் போல்ட் முடுக்கியிருக்க வேண்டும். நம் உரைநடை இந்த வினைகளைக் கேட்டதாகத் தெரியவில்லை. தொழிலாளியைப் பற்றி எழுதும்போது அவனுடைய பசியை எழுதியிருக்கிறோம், கோபத்தை எழுதியிருக்கிறோம். அவன் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறான் என்பது, எந்த வரிசையில், எதற்குப் பிறகு எது என்பது, பெரும்பாலும் 'வேலைக்குப் போனான்', 'வேலையிலிருந்து வந்தான்' என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் காணாமற் போய்விடுகிறது. அந்த இடைவெளியில்தான் அப்பாவின் ஐம்பது வருஷம் இருக்கிறது. அவர் எழுதி வைத்தது ஒன்றும் கிடையாது. நடுங்குகிற கைக்கும் வாங்குகிற மூச்சுக்கும் நடுவே, கேட்டால் சொல்கிறார். கேட்க ஆள் வேண்டும். கேட்கிறவனுக்கு எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும்.

இன்ஜின் முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. அரை மணி ஓடிச் சூடேறிய பிறகு அப்பா ஹெட்டின் பின்கோடியில் கையை வைத்து, முன்கோடியில் வைத்து, திரும்பப் பின்கோடியில் வைத்துப் பார்த்தார். பிறகு இருபத்தியொரு போல்ட்டையும் அதே வரிசையில் ஒரு முறை பார்க்கச் சொன்னார். சில கொஞ்சம் கொடுத்தன. புதிய பேக்கிங் முதல் சூட்டில் அமுங்குகிறது. அமுங்கிய அளவுக்குப் பிடி தளர்கிறது. ஆகவே இந்த வேலை மூடியவுடன் முடிவதில்லை. சில நூறு மைல் ஓடிய பிறகு இன்னொரு முறை எல்லாவற்றையும் முடுக்க வேண்டும். மேனேஜரிடம் அப்பா இதை மூன்று தடவை சொன்னார். நான் ஒரு காகிதத்தில் எழுதி வண்டியின் கண்ணாடிக்கு அடியில் செருகினேன்.

கல்யாணம் நடந்துவிட்டது. வண்டி நன்றாக ஓடியதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அதைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் முறை முடுக்குவதற்கு இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போய்வரலாம் என்று அப்பா இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்.